மொண்ணை வாள்

மூன்று ஆண்டுகளுக்கு முன்வரை வாளுக்கும் எனக்கும் இருந்த உறவு அகராதியோடு முடிந்திருந்தது. ஆங்கிலத்தில் வரும் சுற்றறிக்கைகளையும் அறிவிப்புகளையும் தமிழாக்கிக் கொடுப்பது என் தொழில். மத்திய அரசு அலுவலகத்தில் இருபது ஆண்டு இருந்தாலும் அத்தொழிலில் ஒருவன் வாளைத் தொட வேண்டிய அவசியம் நேராது. ஆனால் பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில், நான் குடியிருக்கும் தெருவின் இளைஞர்கள், பொங்கல் விழாவுக்குக் கட்டபொம்மன் நாடகம் போடுவதென்று தீர்மானித்தார்கள். வசனத்தைத் திருத்தித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. தமிழ் படித்தவன் என்ற ஒரே தகுதியால் அது வந்தது. வாள் வாங்கும் பொறுப்பு அப்போது என்னிடம் இல்லை. அது எவ்வாறு என்னிடம் வந்து சேர்ந்தது என்பதையும், அதன் பொருட்டு நான் கற்றுக்கொண்டவற்றையும் இன்று சொல்லப் போகிறேன். மும்பையிலும் தில்லியிலும் கல்கத்தாவிலும் ஆண்டுதோறும் சரித்திர நாடகம் போடுகிற நம்மவர்கள் பலர் இதைக் கேட்கக்கூடும். அவர்களுக்கு இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

எங்கள் இளைஞர்கள் கட்டபொம்மனைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் சொன்னார்கள். திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தது 1799-ஆம் ஆண்டு மே மாதம் 4-ஆம் நாள். கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது அதே ஆண்டு அக்டோபர் 16-ஆம் நாள். இடையில் ஆறு மாதங்கூட முழுதாக இல்லை. கன்னட நண்பர்களை அழைத்து உட்கார வைத்து இந்தக் கதையைக் காட்டினால் அவர்களுக்கும் அது அந்நியமாகத் தோன்றாது என்றார்கள். நல்ல எண்ணந்தான். 1959-இல் வீரபாண்டிய கட்டபொம்மன் திரைப்படத்தை எடுத்த பி. ஆர். பந்துலுவே 1961-இல் கித்தூர் சென்னம்மாவைக் கன்னடத்தில் எடுத்தார் என்பதை நினைத்தால், இந்த ஊரில் அவ்விரு கதைகளுக்கும் இடையே சுவர் ஏதும் இல்லை என்பது விளங்கும்.

ஒத்திகை தொடங்கி இரண்டாவது வாரம் விபத்து நேர்ந்தது. பையன்கள் அலங்காரப் பொருள் விற்கும் ஒரு கடையிலிருந்து நான்கு வாள்கள் வாங்கி வந்திருந்தார்கள். பளபளவென்று கண்ணாடி போல மின்னின. பிடியில் பித்தளை நிறப் பூவேலை. உறையில் சிவப்பு வெல்வெட்டு. விளிம்பை விரலால் தடவிப் பார்த்து, கூர் இல்லை, பயமில்லை என்று நானும் தலையசைத்தேன். அந்தத் தலையசைப்பை இன்றளவும் நான் மறக்கவில்லை. வாளும் வாளும் ஏழெட்டு முறை மோதியிருக்கும். ஒன்று பிடியின் வாயில் ஒடிந்தது. நடிகன் கையில் பூவேலைப் பிடி மட்டும் நின்றது. அலகு சுழன்று பறந்து, பாயில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனின் புருவத்துக்கு மேலே கிழித்துவிட்டு, சுவரில் மோதி விழுந்தது. மூன்று தையல் போட்டார்கள். ஒரு விரற்கடை கீழே இறங்கியிருந்தால் கண் போயிருக்கும்.

மறுநாள் அச்சிறுவனின் தாயார் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். சண்டை போடவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மொண்ணைக் கத்திதானே சார், அது எப்படிப் பிள்ளையைக் கிழித்தது?”

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. விடை தேடிச் சென்றதுதான் நான் வாளைப் படித்த கதை. இடையில் ஒரு சொல் பற்றியும் கூற வேண்டும். அலுவலகத்தில் நான் “மழுங்கிய” என்றே எழுதுவேன். மழுங்கியது என்றால் முன்பு கூராயிருந்து பின்பு கூர் போனது என்று பொருள்படும். அந்த அம்மாள் சொன்ன “மொண்ணை” என்பதோ ஆரம்பத்திலிருந்தே கூரில்லாததையும் குறிக்கும். நாடகத்துக்கு வேண்டியது மொண்ணை வாள். மழுங்கிய வாள் அன்று. சொல்லில் நான் தோற்ற சில இடங்களுள் இதுவும் ஒன்று.

கேள்விக்கு விடை எளிது. கூரில்லாத வாள் ஒடிந்த மறுகணமே கூருள்ள வாளாகிவிடுகிறது. ஒடிந்த வாய் எப்போதும் கூர்மையானது. அதற்குப் பட்டறை வேண்டியதில்லை. வாள்வீச்சு உலகம் இதை மிகப் பெரிய விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1980-ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் பெற்ற சோவியத் வீரர் விளாதிமீர் ஸ்மிர்னோவ், 1982-இல் ரோம் நகரில் நடந்த உலகப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தபோது, எதிராளியின் வாள் ஒடிந்தது. ஒடிந்த முனை அவருடைய முகக்கவசத்தின் வலையைத் துளைத்துச் சென்றது. சில நாட்களில் அவர் இறந்தார். அந்த வாள் முனையில் பொத்தான் வைத்த விளையாட்டு வாள். கூர் என்பதே அதற்குக் கிடையாது. அதன் பின்னரே முகக்கவசமும் உடையும் அலகின் உலோகமும் அனைத்தும் மாற்றப்பட்டன. ஆகவே சண்டைக் காட்சிக்கு வாள் தேர்ந்தெடுப்பவன் கேட்க வேண்டிய முதற் கேள்வி, “இது வெட்டுமா?” என்பதன்று. “இது ஒடியுமா?” என்பதே.

நாங்கள் வாங்கிய வாள்கள் ஏன் ஒடிந்தன? அவை எவர்சில்வர். நம் வீட்டுத் தட்டும் தம்ளரும் எந்த இனமோ, அந்த இனத்து உருக்கு. துருப் பிடிக்காது; மினுக்கம் போகாது. சுவரில் மாட்டுவதற்கு இதைவிடச் சிறந்தது இல்லை. சமையலறைக் கத்தியளவுக்கு நீளம் சிறிதாயிருந்தால் அது நன்றாகவே உழைக்கும். ஆனால் முக்கால் மீட்டர் நீளத்துக்கு இழுத்து, பக்கவாட்டில் அடி வாங்கச் சொன்னால், கடினமாக்கிய எவர்சில்வர் வளைந்து கொடுப்பதற்குப் பதிலாக முறிகிறது. அதிலும் கொடுமை பிடிக்குள்ளே இருந்தது. அலகின் உடம்பு பிடிக்குள் முழு அகலத்தில் செல்லவில்லை. பென்சில் பருமனுள்ள ஒரு திருகாணிக் கம்பியை அலகின் அடியில் பற்றவைத்து, அதைப் பிடிக்குள் விட்டு, மறுமுனையில் மரை முடுக்கியிருந்தார்கள். அடியின் வேகம் முழுவதும் வந்து சேரும் இடம் அந்தப் பற்றவைப்புத்தான். மற்ற மூன்று வாள்களையும் கழற்றிப் பார்த்தோம். ஒன்றில் பற்றவைப்பு ஏற்கெனவே பாதி விரிசல் கண்டிருந்தது.

அப்படியானால் எதற்கு உருக்கு, மரவாள் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் சொன்னேன். தெருக்கூத்தில் அருச்சுனனும் கர்ணனும் காலங்காலமாகக் கட்டை ஆயுதங்களை வைத்துக்கொண்டே போரிட்டு வந்திருக்கிறார்கள். யாரும் அவர்களுடைய வீரத்தைச் சந்தேகித்ததில்லை. சிறுவர் நடிக்கும் நாடகமாயின் இன்றும் என் வாக்கு மரவாளுக்கே. ஆனால் எங்கள் இளைஞர்களுக்கு ஓசை வேண்டும். வாளும் வாளும் மோதினால் “கணீர்” என்று கேட்க வேண்டும். “டொக்” என்று கேட்டால் திரைப்படம் பார்த்து வளர்ந்த கூட்டம் சிரித்துவிடும் என்றார்கள். அலுமினிய வாள் இடைவழி. எடை குறைவு; ஆனால் அடி விழுந்த இடமெல்லாம் பல் பல்லாகப் பெயர்ந்து, இரண்டாம் நாளே விளிம்பு அரம் போல ஆகிவிடும்; ஓசையும் மட்டம். ஆகவே உருக்குத்தான் என்று முடிவாயிற்று.

எந்த உருக்கு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உருக்கென்றாலே நமக்கு ஒரு பெருமிதம் உண்டு. ஈரோட்டுப் பக்கத்துக் கொடுமணலில் பழங்கால உலைகளை அகழ்ந்து கண்டிருக்கிறார்கள். 1800-ஆம் ஆண்டில் மைசூர் நாட்டைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன், இப்பகுதியில் மூசையில் வைத்து உருக்குக் காய்ச்சும் முறையை எழுதி வைத்தார். கன்னடத்தில் “உக்கு” என்றும் தமிழில் “உருக்கு” என்றும் வழங்கும் சொல்லிலிருந்தே ஐரோப்பியர் இதற்கு “வூட்ஸ்” என்று பெயரிட்டார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. ஆனால் அந்தப் புகழ் கரி மிகுந்த கடின உருக்கின் புகழ், வெட்டுவதற்காகப் பிறந்தது. நமக்கு வேண்டியது அதற்கு நேர்மாறு. வெட்டக் கூடாது, அடி வாங்க வேண்டும், வளைய வேண்டும், வளைந்தபின் நேராக நிமிர வேண்டும். அந்தக் குணமுள்ள உருக்கு நம் தெருவில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. லாரிக்கு அடியில் அடுக்கடுக்காக வைத்துக் கட்டியிருக்கும் கமான் பட்டை அது.

இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் பையன்கள் சிவாஜிநகர் குஜிரிக் கடைகளுக்குப் போய் இரண்டு பழைய கமான் பட்டைகளைத் தோளில் சுமந்து வந்துவிட்டார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளே இதில்தானே அடிக்கிறார்கள் என்று எனக்குப் பாடம் சொன்னார்கள். அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு கொல்லரிடம் போனோம். முதியவர், சேலத்துப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். “அரிவாளுக்கு ஆகும், வாளுக்கு ஆகாது” என்றார். லாரிக்குக் கீழே இது லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறல் உள்ளே ஓடியிருக்கும். அரிவாள் குட்டையாகவும் கனமாகவும் இருப்பதால் அது தாங்கும். வாள் நீளமும் மெலிவுமாக இருப்பதால் அந்தக் கீறலே அதற்கு யமன் என்று விளக்கினார். புதுப் பட்டை வாங்கி வரச் சொன்னார். எந்தப் பொறியியல் நூலிலும் இதைவிடத் தெளிவாக நான் படிக்கவில்லை.

உருக்கு சரியாயிருந்தாலும் தோய்ச்சல் சரியாயிராவிட்டால் பயனில்லை. அலகைச் செஞ்சூடாக்கி எண்ணெயில் தோய்த்தால் அது கண்ணாடி போலக் கடினமாகிறது. அந்நிலையில் கீழே போட்டாலே உடையக்கூடும். பிறகு மீண்டும் 400 பாகைக்கு மேலே மெல்லச் சூடேற்றி ஆறவிட வேண்டும். அப்போது கடினத்தில் சிறிது போய், வளையும் குணம் வருகிறது. இந்த இரண்டாம் சூட்டைச் சோம்பலால் விட்டுவிட்ட வாள், பார்வைக்கு நல்ல வாளைப் போலவே இருக்கும். அதைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு. முனையை மரத்தூணில் ஊன்றி, நடு அலகு சிறிது விலகும் வரை பக்கவாட்டில் மெல்ல வளைத்துவிட்டு விட வேண்டும். கம்பியாக நிமிர்ந்து நின்றால் தோய்ச்சல் சரி. வளைந்தபடியே நின்றால் மெத்தென்ற இரும்பு. மோதலில் கோணிப் போகும், ஆனால் ஆளைக் கொல்லாது. வளைய மறுத்து முனகினால் உடனே கீழே வைத்துவிட வேண்டும். கண்ணாடி அணியாதவர்கள் இந்தச் சோதனையின்போது முகத்தைத் திருப்பிக்கொள்வது நல்லது. கடைக்காரரின் அனுமதியைக் கேட்டுச் செய்வது அதைவிட நல்லது.

இனி விளிம்பு. ஐரோப்பாவில் பழைய போர்களை வேடமிட்டு நடித்துக் காட்டும் குழுக்கள் பல உண்டு. 1410-இல் நடந்த கிருன்வால்ட் போரைப் போலந்து நாட்டில் ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் பெருங்கூட்டமாகக் கூடி நடிக்கிறார்கள். இத்தகைய குழுக்களிடையே வழங்கும் பொது விதி, விளிம்பின் கனம் 2 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது. 3 இருந்தால் மேல். ஒரு ரூபாய் நாணயம் இரண்டை அடுக்கினால் ஏறத்தாழ அந்தக் கனம் வரும். வெறும் கனம் மட்டும் போதாது. ஓரத்தின் இரு முனைப்பையும் அரத்தால் உருட்டி எடுத்துவிட வேண்டும். சதுர ஓரம் தோலைக் கிழிக்கும். வாள்முனை கட்டைவிரல் நகத்தைப் போல வளைந்திருக்க வேண்டும். முனை எவ்வளவு வளைந்திருந்தாலும் மேடையில் முகத்தை நோக்கிக் குத்தும் அசைவு வேண்டாம் என்று நான் தடுத்துவிட்டேன். நாடகத்தில் வெட்டு போதும்.

எடை பற்றி நம்மிடையே ஒரு தவறான எண்ணம் உலவுகிறது. முன்னோர் வாள் ஐந்து கிலோ இருக்கும், பத்து கிலோ இருக்கும் என்பார்கள். ஒரு கையால் வீசிய பழைய வாள்கள் பெரும்பாலும் ஒரு கிலோவை ஒட்டியே இருந்தன. எங்களுக்குத் தேவையானது 1100 முதல் 1400 கிராமுக்குள். நாங்கள் வாங்கி உடைத்த அலங்கார வாளோ 1800 கிராம். கனமான வாளைப் பிடித்த கை களைத்துப் போகும். களைத்த கை, நிறுத்த வேண்டிய இடத்தில் வாளை நிறுத்தாது. எடையைக் காட்டிலும் முக்கியமானது அது எங்கே குவிந்திருக்கிறது என்பது. அலகை விரலின்மேல் கிடத்திப் பாருங்கள். பிடியின் கைக்காப்பிலிருந்து நான்கு விரற்கடை தூரத்தில் துலாக்கோல் போல நின்றால் கைக்குப் பணியும். நடு அலகுக்கு நகர்ந்துவிட்டால் அது வாளன்று, உலக்கை.

பிடிக்குள் செல்லும் காம்பு அலகோடு ஒரே துண்டாக இருக்க வேண்டும். பிடியின் கடைசியில் வெளிவந்த நுனியைக் கொல்லர் அடித்து விரித்து இறுக்கியிருக்க வேண்டும். உள்ளே பார்க்க முடியாது என்பது உண்மை. ஆனால் பிடியைத் தளர்வாகப் பற்றி அலகை ஒரு மரத்துண்டால் தட்டினால் காது சொல்லிவிடும். தெளிவாக ஒலித்தால் நல்லது. நடுவே ஒரு “கிர்” என்ற நடுக்கம் கேட்டால் உள்ளே ஏதோ ஆடுகிறது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் நினைப்பதில்லை. வாள்களை ஜோடியாக வாங்க வேண்டும். ஒன்று கடினமாகவும் மற்றது மென்மையாகவும் இருந்தால், கடின வாள் மற்றதைத் தின்றுவிடும். ஒரே பட்டறையில், ஒரே பட்டையில், ஒரே நாளில் தோய்ச்சல் கொடுத்தவை என்றால் சண்டை சமமாக நடக்கும். டேராடூனில் 1943-இல் தொடங்கிய விண்ட்லாஸ் போன்ற நிறுவனங்கள் வெளிநாட்டுப் படைகளுக்கும் திரைப்படங்களுக்கும் வாள் செய்து அனுப்புகின்றன. உள்ளூரில் கொல்லர் கிடைக்காதவர்கள் அத்தகைய இடங்களில் சண்டைக்கென்றே செய்த வாளைக் கேட்டு வாங்கலாம். அலங்காரத்துக்கா, சண்டைக்கா என்பதைக் கேட்டு எழுத்தில் பதில் பெறுவது அவசியம்.

சட்டத்தைப் பற்றி நான் சொல்லாவிட்டால் என் தொழிலுக்கே துரோகம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், விளையாட்டுப் பொருளாக அன்றி வேறெதற்கும் உதவாததும், உண்மை ஆயுதமாக மாற்ற முடியாததுமான பொருளை “ஆயுதம்” என்ற சொல்லிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. இதைப் படித்ததும் நாங்கள் மகிழ்ந்தோம். ஆனால் இரண்டாவது நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். நல்ல கமான் பட்டையில் செய்த மொண்ணை வாளைச் சாணைக்காரர் ஒருவர் ஒரே பிற்பகலில் உண்மை வாளாக்கிவிட முடியும். ஆகவே அது பொம்மைதான் என்று வாதாடுவது வீண். கரகத் திருவிழாவில் வீரகுமாரர்கள் உருவிய வாளோடு நகரின் நடுவே செல்வதை இந்த ஊர் பார்த்துப் பழகியது உண்மைதான். ஆனால் அது மரபு. நமக்கு அந்தச் சலுகை கிடையாது. நாடகத் தேதியையும் இடத்தையும் வாள்களின் எண்ணிக்கையையும் எழுதிக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு, வாள்களை நீண்ட கித்தான் பையில் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். மெட்ரோ ரயிலில் கொண்டுபோகலாம் என்று நினைக்க வேண்டாம்.

கொல்லர் ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார். பொங்கல் போய்விட்டது, நாடகம் சித்திரைப் பிறப்புக்குத் தள்ளிப் போயிற்று. வந்த வாள்களைப் பார்த்ததும் பையன்களின் முகம் வாடிவிட்டது. பளபளப்பு இல்லை, சாம்பல் நிறம், பூவேலை இல்லை. 2023-ஆம் ஆண்டு லண்டனில் திப்புவின் வாள் ஒன்று 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போன செய்தியையும் படத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொண்டு, “இது போல இருக்கும் என்று நினைத்தோம், அண்ணா” என்றான் கட்டபொம்மனாக நடித்தவன். இரண்டை எடுத்து ஒன்றோடொன்று மோதிக் காட்டச் சொன்னேன். ஓசை அடுத்த தெருவரை கேட்டது. அதற்குப் பின் நிறத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒத்திகைக்கு விதிகள் செய்தோம். மேடையின் விளிம்பிலிருந்து மூன்று மீட்டருக்குள் பார்வையாளர் யாரும் உட்காரக் கூடாது. வாள் வீசும் வரிசையை முதலில் மெதுவாக, எண்ணிச் சொல்லிப் பழக வேண்டும். நடிக்காதவர் வாளைத் தொடக் கூடாது. ஒவ்வொரு வாளுக்கும் ஓர் எண். ஒரு நோட்டுப் புத்தகத்தில் அன்றன்று கண்ட பழுது எழுதப்படும். அடி விழுந்த இடத்தில் எழும்பும் மெல்லிய பிசிறை அன்றைக்கே அரத்தால் நீக்கிவிட வேண்டும். அந்தப் பிசிறு சவரக் கத்தியைப் போன்றது. துணியால் வியர்வையைத் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினால், மறுநாள் துரு இராது. குறுக்கே மயிரிழை போல ஒரு கீறல் தெரிந்தால் அந்த வாளின் உத்தியோகம் முடிந்தது. விலையை நினைத்துத் தயங்கக் கூடாது. மூன்றாம் எண் வாளை அப்படித்தான் ஒத்திகையின் முடிவில் ஒதுக்கினோம். கொல்லர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, வேறொன்று கூலியில்லாமல் அடித்துக் கொடுத்தார்.

நாடகத்துக்கு முதல் நாள் மாலை அந்தச் சிறுவனும் அவன் தாயாரும் வந்தார்கள். புருவத்தில் வெள்ளைக் கோடாகத் தழும்பு தெரிந்தது. அவர் ஒரு வாளை வாங்கி, விளிம்பில் கட்டைவிரலை வைத்து அடி முதல் நுனி வரை மெல்ல இழுத்தார். “இதுவும் மொண்ணைதானே சார்?” என்றார். “ஆமாம் அம்மா, ஆனால் வளையும்” என்று சொல்லி, முனையைத் தூணில் ஊன்றி வளைத்துக் காட்டினேன். விட்டதும் அது நிமிர்ந்து அதிர்ந்தது. அவர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மகனைக் கையில் பிடித்துக்கொண்டு, மூன்றாவது மீட்டரில் நாங்கள் கட்டியிருந்த கயிற்றுக்கு வெளியே போய் உட்கார்ந்தார்.